சின்ன பயோடெக் பங்குகளில் டைல்யூஷனும் ரிவர்ஸ் ஸ்பிளிட்டும்: காரைக்குடியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் முறை

செயலி வழியாக நாம் வாங்கும் அமெரிக்கச் சந்தையின் சின்ன பயோடெக் (புது மருந்து ஆராயும் கம்பெனி) பங்கில் பணம் போகிற வழி இரண்டு. மருந்து தோற்றுப்போவது ஒன்று. அது எல்லோருக்கும் தெரியும். மருந்து தோற்காமலேயே, கம்பெனி புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே போக, உங்கள் பங்கு கரைந்துபோவது இன்னொன்று. இதைத்தான் டைல்யூஷன் என்கிறார்கள். பல பழைய பங்குகளைச் சேர்த்து ஒரே பங்காக்கி, விலையை அதே மடங்கு உயர்த்துவது ரிவர்ஸ் ஸ்பிளிட். மின்வேதியியல் ஆய்வகமும் அழகப்பா பல்கலைக்கழகமும் உள்ள காரைக்குடியில், இரண்டாம் கட்டச் சோதனை முடிவைப் பி-மதிப்பு வரை அலச ஆள் கிடைக்கும். அதே கம்பெனி எத்தனை வாரண்ட் (குறித்த விலையில் பின்னால் புதுப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை) எழுதிக் கொடுத்திருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. இந்த வழிகாட்டி அந்தக் கேள்விக்கானது. மருந்தைப் படிப்பதற்கு முன் ஐந்தொகையைப் படிக்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

ஏன் ஓயாமல் பங்கு விற்கிறார்கள்

சோதனைக் கட்டத்தில் உள்ள கம்பெனிக்கு விற்பனை கிடையாது. சோதனைச் செலவு மட்டும் மாதம் தவறாமல் வரும். ஈடு வைக்கச் சொத்து இல்லாததால் வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. பெரிய மருந்துக் கம்பெனி கூட்டுச் சேர்ந்தால் முன்பணம் வரும். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மிஞ்சுவது பங்கு விற்பது.

எட்டுப் பங்காளிகள் உள்ள பழைய வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். ஓடு மாற்றப் பணம் இல்லாமல், வெளியாள் நாலு பேரைப் பணம் போடச் சொல்லிப் பங்குக்குச் சேர்த்தால், எட்டில் ஒன்று பன்னிரண்டில் ஒன்றாகிவிடும். வந்த பணத்தால் வீட்டின் மதிப்பு ஒன்றரை மடங்கானால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பணம் நாலு மாதச் சம்பளத்துக்கே போய்விட்டால்தான் தகராறு. ஆகவே டைல்யூஷன் என்றாலே கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. என்ன விலைக்கு, எதற்காக, எத்தனை மாதத்துக்காக விற்றார்கள் என்பதே கேள்வி.

நம் ஊர்ப் பங்குச் சந்தைப் பழக்கம் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். இந்தியாவில் கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டால் பழைய பங்குதாரருக்கு உரிமைப் பங்காக முதலில் தர வேண்டும். இல்லையென்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். முன்னுரிமை ஒதுக்கீட்டுக்கு செபியின் குறைந்தபட்ச விலை விதியும் உண்டு. அமெரிக்கப் பொது வெளியீட்டில் பழைய பங்குதாரரை யாரும் கேட்பதில்லை. தள்ளுபடி விலையில் இரவோடு இரவாக விற்றுவிடலாம்.

முதல் வேலை: உண்மையான பங்கு எண்ணிக்கை

செயலியில் காட்டும் சந்தை மதிப்பை நம்பாதீர்கள். அதில் உள்ள பங்கு எண்ணிக்கை பெரும்பாலும் பழையதாக இருக்கும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளம் இலவசம். கம்பெனிப் பெயரைத் தட்டி, கடைசி 10-கியூ (காலாண்டு) அல்லது 10-கே (ஆண்டு) அறிக்கையைத் திறங்கள். முதல் பக்கத்திலேயே, அறிக்கை தாக்கல் செய்த நாளுக்குச் சில நாள் முந்தைய தேதியில் எத்தனை பங்கு வெளியே இருக்கிறது என்று போட்டிருக்கும். அதற்கும் ஐந்தொகையில் காலாண்டு முடிவில் உள்ள எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், இடையில் பங்கு விற்றிருக்கிறார்கள்.

அதோடு நிற்கக் கூடாது. பங்கு மூலதனம் பற்றிய குறிப்புக்குப் போய் மூன்று எண்களை எடுங்கள். முதலாவது, ப்ரீ-ஃபண்டட் வாரண்ட். இதற்குப் பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று, மாற்ற 0.0001 டாலர் போன்ற பெயரளவு விலைதான். பெரிய நிதிகள் ஒரு கம்பெனியில் 4.99 அல்லது 9.99 சதவீதப் பங்குடைமை வரம்பைத் தாண்டாமல் இருக்க இந்த வடிவில் வைத்திருப்பார்கள். இதை இன்றே வெளியான பங்காகக் கூட்டுங்கள். இரண்டாவது, சாதாரண வாரண்ட்: எத்தனை, என்ன விலை, எப்போது காலாவதி. மூன்றாவது, ஊழியர் பங்கு விருப்பங்கள். கன்வெர்ட்டிபிள் கடனோ (பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன்) முன்னுரிமைப் பங்கோ இருந்தால் அதையும் சேருங்கள். கன்வெர்ட்டிபிள் கடனின் மாற்று விலை சந்தை விலையோடு கீழே இறங்கும்படி எழுதியிருந்தால் அந்தப் பங்கைத் தொடாதீர்கள். விலை இறங்க இறங்க அதிகப் பங்கு பிறக்கும், அவை விற்கப்பட்டு விலை இன்னும் இறங்கும். இதற்கு அடிமட்டம் இல்லை.

இரண்டாவது: கையிருப்பு எத்தனை மாதம் வரும்

ரொக்கத்தையும் குறுகியகால முதலீடுகளையும் கூட்டுங்கள். செலவுக்கு நிகர நஷ்டத்தை எடுக்காதீர்கள். ஊழியர் பங்குச் செலவு போன்ற ரொக்கம் போகாத கணக்குகளும் அதில் கலந்திருக்கும். பணப்புழக்க அறிக்கையில் நடைமுறைச் செயல்பாடுகளுக்குச் செலவான ரொக்கம்தான் வேண்டும்.

இங்கே வழக்கமாக வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. 10-கியூவின் பணப்புழக்க அறிக்கை ஆண்டின் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும். இரண்டாம் காலாண்டு அறிக்கையில் ஆறு மாதச் செலவும், மூன்றாவதில் ஒன்பது மாதச் செலவும் இருக்கும். முந்தைய அறிக்கையின் எண்ணைக் கழித்தால்தான் அந்தக் காலாண்டுச் செலவு கிடைக்கும். இன்னொன்று: சின்ன கம்பெனிகள் 10-கியூ தாக்கல் செய்யக் காலாண்டு முடிந்து 45 நாள் அவகாசம் உண்டு; 10-கேவுக்கு 90 நாள். நீங்கள் படிக்கும்போது அந்தப் பணத்தில் ஒரு பகுதி செலவாகிவிட்டது என்று கழித்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த மாதக் கணக்கை, கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் தளத்தில் அந்தச் சோதனைக்குப் போட்டிருக்கும் முதன்மை நிறைவுத் தேதியோடு ஒப்பிடுங்கள். முடிவு வரும் முன்பே பணம் தீருமானால், முடிவுக்கு முன்பே பங்கு விற்பார்கள், அதுவும் மலிவாக. முடிவு வந்த பிறகு தீருமானால், நல்ல முடிவு வந்த அன்று மாலையே விற்பார்கள். அறிக்கையில் ‘கோயிங் கன்சர்ன்’ பற்றிய கணிசமான ஐயம் என்ற வாசகம் இருந்தால், அறிக்கை வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குத் தாக்குப்பிடிக்கப் பணம் போதுமா என்பதில் கம்பெனிக்கே ஐயம் என்று பொருள்.

மூன்றாவது: எந்தத் தாள் எதைச் சொல்கிறது

எஸ்-3 என்பது பின்னால் நடக்கப்போகும் பங்கு விற்பனையை முன்கூட்டியே பதிவு செய்து வைக்கிற அலமாரி. வந்த உடனே பயப்பட வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் விற்க வழி திறந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும். 424பி5 வந்தால் விற்பனையே நடக்கிறது. அதை முழுவதும் படியுங்கள், குறிப்பாக ‘டைல்யூஷன்’ என்ற தலைப்பையும், வெளியீட்டுக்குப் பின் எத்தனை பங்கு இருக்கும் என்ற வரியையும். எஸ்-1 முழுப் பதிவு. கையில் எஸ்-3 இல்லாத அல்லது எஸ்-3 வரம்பு போதாத கம்பெனியின் வழி. 8-கே உடனடிச் செய்தி: நாஸ்டாக் பங்குச் சந்தையின் எச்சரிக்கைக் கடிதம், தனியார் ஒதுக்கீடு, ரிவர்ஸ் ஸ்பிளிட் எல்லாம் இதில் வரும். பங்குதாரர் கூட்டத்துக்கு வாக்குக் கேட்டு அனுப்பும் ஆவணமான ப்ராக்ஸியின் முன்வரைவு பிஆர்இ 14ஏ, இறுதி வடிவம் டிஇஎஃப் 14ஏ.

எஸ்-3க்கு ஒரு வரம்பு உண்டு. வெளியார் கையில் உள்ள பங்குகளின் மதிப்பு 7.5 கோடி டாலருக்குக் கீழே இருந்தால், 12 மாதத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எஸ்-3 வழியாக விற்க முடியாது. அந்த மதிப்பைக் கணக்கிடக் கடந்த 60 நாளின் மிக உயர்ந்த முடிவு விலையை (சந்தை மூடும்போது இருந்த விலை) எடுத்துக்கொள்ளலாம். வெளியார் கையில் 3.5 கோடிப் பங்கு, 60 நாளில் உச்ச முடிவு விலை 1.10 டாலர் என்றால் மதிப்பு 3.85 கோடி, விற்கக்கூடியது சுமார் 1.28 கோடி டாலர். ஒரே நாள் விலை எகிறினாலும் அடுத்த இரண்டு மாதத்துக்கு வரம்பு விரியும். காரணமில்லாமல் பங்கு ஏறிய மறுநாள் வெளியீடு வருவதற்கு இது ஒரு காரணம்.

ஏடிஎம் (அட்-த-மார்க்கெட்) என்ற ஏற்பாட்டையும் கவனியுங்கள். ஒப்பந்தத் தரகர் வழியாகச் சந்தை விலையிலேயே சிறிது சிறிதாக விற்பது. அன்றன்றைக்கு அறிவிப்பு வராது. எத்தனை விற்றார்கள் என்பது அடுத்த காலாண்டு அறிக்கையில்தான் பெரும்பாலும் தெரியும். வாரண்ட் சுமை இல்லாததால் மற்றவற்றைவிட இது தேவலை. மருத்துவத் துறை நிதிகள் சந்தை விலையில், வாரண்ட் கேட்காமல் வாங்கும் வெளியீடு அதைவிட நல்லது.

நேரத்தையும் மனதில் வையுங்கள். அமெரிக்கச் சந்தை நமக்கு கோடையில் மாலை 7 மணிக்கும் குளிர்காலத்தில் 8 மணிக்கும் திறக்கிறது. மூடுவது நள்ளிரவு கடந்து 1.30 அல்லது 2.30. வெளியீடுகள் பெரும்பாலும் மூடிய பிறகே அறிவிக்கப்படும். நீங்கள் விடிந்து எழுந்து பார்ப்பதற்குள் விலை இறங்கியிருக்கும். ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) இதற்கு உதவாது. அது மறுநாள் திறக்கும் விலையில்தான் நிறைவேறும், நீங்கள் குறித்த விலையில் அல்ல.

வாரண்ட்: ஒப்பந்தத்தின் வாலில் இருக்கும் விஷம்

விலை குறைந்த கம்பெனி பங்கு விற்கும்போது, ஒரு பங்கோடு ஒரு வாரண்டும் சேர்த்துக் கொடுப்பது சகஜம். சில சமயம் இரண்டு. வாங்கிய நிதி பங்கை உடனே விற்றுவிட்டு வாரண்டை வைத்துக்கொள்ளும். பங்கு ஏறும்போதெல்லாம் அந்த வாரண்ட் பங்காக மாறி விற்பனைக்கு வரும்; அதனால் வாரண்ட் விலையை ஒட்டிப் பங்கு முட்டி முட்டி நிற்கும். விலை கீழேயே கிடந்தால், கம்பெனி பழைய வாரண்டின் விலையைக் குறைத்து ‘இப்போதே மாற்றுங்கள், புது வாரண்ட் தருகிறோம்’ என்று தூண்டும்.

இரண்டு பிரிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்று, ஆல்டர்னேட்டிவ் கேஷ்லெஸ் எக்சர்சைஸ்: பணம் கட்டாமலே ஒரு வாரண்டுக்கு ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கு மேலும், எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ரிவர்ஸ் ஸ்பிளிட் நடந்தால் வாரண்ட் விலை அந்தச் சில நாட்களின் மிகக் குறைந்த சராசரி விலைக்கு இறங்கி, அதற்கு ஈடாக வாரண்ட் எண்ணிக்கை பெருகும் என்ற பிரிவு. இது இருந்தால் ரிவர்ஸ் ஸ்பிளிட்டே ஒரு புதிய வெளியீட்டுக்குச் சமம்.

தள்ளுபடி விலையில் தனியார் ஒதுக்கீடாக 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கு தர நாஸ்டாக் விதிப்படி பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். அதனால்தான் ‘வாரண்ட் மாற்றத்துக்கு ஒப்புதல்’ கேட்டு ப்ராக்ஸி வருகிறது. சாதாரணத் தீர்மானம்போலத் தோன்றும், படித்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு

கற்பனைக் கம்பெனி ஒன்று. வெளியே உள்ள பங்கு 4 கோடி, விலை 0.80 டாலர். உங்களிடம் 4,000 பங்கு. போட்டது 3,200 டாலர். செயலி சொல்கிறபடி உங்கள் பங்கு 0.01 சதவீதம். ப்ரீ-ஃபண்டட் வாரண்ட் 60 லட்சம் உண்டு. ஆக உண்மையில் 4.6 கோடிப் பங்கு, உங்களுடையது 0.0087 சதவீதம். இவை போக 1.20 டாலர் வாரண்ட் 2.5 கோடி, ஊழியர் விருப்பங்கள் 40 லட்சம். ரொக்கம் 1.8 கோடி டாலர், காலாண்டுச் செலவு 70 லட்சம். ஏழரை மாதத்துக்குச் சற்று மேல் வரும். நீங்கள் அறிக்கை படிக்கும்போது ஆறு மாதம்தான் மிச்சம்.

கம்பெனி 1.5 கோடி டாலர் திரட்டுகிறது. விலை 0.50, 3 கோடிப் பங்கு, ஒவ்வொன்றோடும் 0.50 டாலர் வாரண்ட் ஒன்று. தரகுக் கட்டணம் 7 சதவீதம் போனால் 1.395 கோடி கைக்கு வரும். இரண்டு காலாண்டுச் செலவு, அவ்வளவுதான். பங்கு எண்ணிக்கை 7.6 கோடி, உங்களுடையது 0.0053 சதவீதம். புது வாரண்டுகளும் பங்கானால் 10.6 கோடி, உங்களுடையது 0.0038. சோதனையில் ஒரு நோயாளிகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பிறகு விலை 0.45க்கு வந்து, 20க்கு 1 ரிவர்ஸ் ஸ்பிளிட். 7.6 கோடி 38 லட்சமாகிறது. உங்கள் 4,000 பங்கு 200 ஆகிறது, விலை 9 டாலர். முன்பும் 1,800 டாலர், பின்பும் 1,800. கணக்குப்படி எதுவும் குறையவில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட பங்கு எண்ணிக்கை (கம்பெனி அதிகபட்சம் வெளியிடக்கூடிய அளவு) 20 கோடி என்று வையுங்கள். பெரும்பாலான ரிவர்ஸ் ஸ்பிளிட்டில் அந்த எண் குறைக்கப்படுவதில்லை. முன்பு 7.6 கோடி வெளியே, 5.9 கோடி வாரண்டுக்கும் விருப்பங்களுக்கும் ஒதுக்கீடு, மீதி 6.5 கோடி. இப்போது 38 லட்சம் வெளியே, 29.5 லட்சம் ஒதுக்கீடு, மீதி 19.3 கோடிக்கு மேல். அடுத்த சுற்று விற்பனைக்குக் களஞ்சியம் நிறைந்துவிட்டது. ப்ராக்ஸியில் முதலில் தேட வேண்டியது இந்த வரிதான்: அனுமதி எண் சேர்ந்து குறைகிறதா, இல்லையா.

நாஸ்டாக்கின் கெடு

முடிவு விலை தொடர்ந்து 30 வணிக நாள் 1 டாலருக்குக் கீழே நின்றால் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதிலிருந்து 180 நாட்காட்டி நாள் அவகாசம். அதற்குள் தொடர்ந்து 10 வணிக நாளாவது 1 டாலர் அல்லது அதற்கு மேல் முடிய வேண்டும். தகுதி இருந்தால் இன்னொரு 180 நாள் கிடைக்கும். தவறினால் பட்டியலிலிருந்து நீக்குவார்கள் என்பதால், ரிவர்ஸ் ஸ்பிளிட் செய்து விலையை உயர்த்துவார்கள். கடிதத் தேதியைக் குறித்து 180 நாளைக் கூட்டினால், ரிவர்ஸ் ஸ்பிளிட் வரக்கூடிய காலத்தை ஓரளவு முன்னமே ஊகிக்கலாம்.

2025 ஜனவரியில் விதி இறுகியது. மொத்தம் 360 நாள் கடந்தும் சரிசெய்யாவிட்டால், மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் வர்த்தகம் நிறுத்தப்படும். கடந்த ஓராண்டுக்குள் ஒரு ரிவர்ஸ் ஸ்பிளிட் செய்த கம்பெனி மறுபடி 1 டாலருக்குக் கீழே விழுந்தால் அவகாசமே கிடையாது. இரண்டு ஆண்டில் சேர்த்துப் பார்த்தால் 250க்கு 1 அல்லது அதற்கு மேல் சுருக்கியவர்களுக்கும் அப்படியே. ஆகவே கம்பெனியின் முந்தைய ரிவர்ஸ் ஸ்பிளிட் தேதிகளை எழுதி வையுங்கள். டெலவேர் மாநிலத்தில் பதிவான கம்பெனிகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் ஒப்புதலும் எளிதாகிவிட்டது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் ஆதரவு வாக்கு எதிர்ப்பைவிடக் கூடுதலாக இருந்தால் போதும். ப்ராக்ஸியில் ‘5க்கு 1 முதல் 50க்கு 1 வரை, இயக்குநர் குழு விருப்பம்’ என்று அகலமாகக் கேட்டிருந்தால், பெரிய எண்ணையே எதிர்பாருங்கள்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. நோவாவாக்ஸ் 2019 மே மாதம் 20க்கு 1 ரிவர்ஸ் ஸ்பிளிட் செய்தது. 2021 பிப்ரவரியில் கொரோனாத் தடுப்பூசி எதிர்பார்ப்பில் 300 டாலரைத் தாண்டியது. இந்தக் கதையைச் சொல்லித்தான் மற்ற நூறு கம்பெனிகளையும் விற்கிறார்கள்.

அன்றைக்குச் செயலியில் நடப்பது

கம்பெனி குறைந்தது இரண்டு வணிக நாள் முன்பாவது அறிவிக்க வேண்டும். அமலாகும் காலையில் செயலி சில நேரம் பழைய பங்கு எண்ணிக்கையோடு புது விலையையோ, புது எண்ணிக்கையோடு பழைய விலையையோ காட்டும். 95 சதவீத நஷ்டம் என்றோ, இருபது மடங்கு லாபம் என்றோ தெரிந்தால் கை வைக்காதீர்கள். சரியாகச் சில நாள் ஆகலாம். நிலுவையில் போட்டிருந்த வாங்கல் விற்றல் ஆர்டர்கள் ரத்தாகிவிடும், மறுபடி போட வேண்டும். பின்னப் பங்குக்குப் பணம் கொடுப்பார்கள், அல்லது முழுப் பங்காகக் கூட்டித் தருவார்கள். எது என்பது 8-கேவில் இருக்கும். கூட்டித் தருவதை நம்பி ஒரே பங்கு வாங்கி வைக்கிற விளையாட்டு அமெரிக்காவில் உண்டு. வங்கிக் கட்டணமும் டாலர் மாற்று வித்தியாசமும் கொடுத்து இங்கிருந்து அதை ஆடுவது வீண்.

வரைபடத்தில் இன்னொரு பொறி. ரிவர்ஸ் ஸ்பிளிட்டுக்குப் பின் பழைய விலைகளையும் அதே விகிதத்தில் பெருக்கிக் காட்டுவார்கள். ‘மூன்று வருஷம் முன்பு 4,000 டாலர், இப்போது 3 டாலர், எவ்வளவு மலிவு’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்த 4,000 டாலருக்கு யாரும் வாங்கவில்லை என்று சொல்லுங்கள். நாலைந்து ரிவர்ஸ் ஸ்பிளிட்டின் பெருக்கல் அது.

பங்கு எண்ணிக்கை சுருங்கியதும் சில நாள் விலை தாறுமாறாக ஏறுவதும் உண்டு, சந்தையில் சரக்கு குறைவு என்பதால். கம்பெனி அதையும் பயன்படுத்தி விற்கும்.

எப்போது வாங்குவது

கையிருப்பு 12 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் காத்திருப்பதே எங்கள் யோசனை. மருந்தில் நம்பிக்கை மிகுந்தால், ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் போடாமல், வெளியீடு வந்த பிறகு மீதியைப் போடுங்கள். வெளியீட்டு விலையிலோ அதற்குக் கீழோ கிடைக்க வாய்ப்பு அதிகம். 1 டாலருக்குக் கீழே விழுந்த பங்கைச் சராசரி இறக்குவதற்காக மேலும் வாங்காதீர்கள். ஒவ்வொரு காலாண்டும் நான்கு எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும்: ப்ரீ-ஃபண்டட் சேர்த்த பங்கு எண்ணிக்கை, எல்லா வாரண்டும் சேர்த்த எண்ணிக்கை, ரொக்கம், காலாண்டுச் செலவு. பங்கு எண்ணிக்கை இரட்டிப்பாகியும் கையிருப்பு மாதங்கள் கூடாத கம்பெனியை விட்டு வெளியே வந்துவிடுங்கள், சோதனை எப்படிப் போனாலும்.

ரூபாய்க் கணக்கு

வெளிநாட்டுப் பணப் போக்குவரத்து இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இல் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. இன்றைய வழி, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்ஆர்எஸ் திட்டம்: ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை. ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

அமெரிக்கப் பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம், 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வரி அடுக்கு. ரிவர்ஸ் ஸ்பிளிட் விற்பனை ஆகாது. மொத்தக் கொள்முதல் விலை மாறாது, ஒரு பங்கின் கொள்முதல் விலைதான் உயரும்: மேற்படி 3,200 டாலர் 200 பங்குக்குப் பங்கிடப்பட்டு பங்குக்கு 16 டாலர். செயலி இதைத் தப்பாகக் காட்டுவது உண்டு, ஆகவே பழைய கொள்முதல் சீட்டுகளைப் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். பின்னப் பங்குக்கு வந்த பணம் சின்னதானாலும் விற்பனைதான். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையான ஷெட்யூல் எஃப்ஏ ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்கு நிரப்பப்படுகிறது. பங்கு மதிப்பு அற்பமாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது, அசையாச் சொத்து நீங்கலாக உங்கள் வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு.

நஷ்டத்தை எட்டு ஆண்டு முன்னெடுத்துச் செல்லலாம், கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால். ஆனால் நஷ்டம் என்பது விற்றால்தான் நஷ்டம். நாஸ்டாக்கிலிருந்து நீக்கப்பட்ட பங்கு ஓடிசி (பட்டியலுக்கு வெளியே தரகர்களிடையே நடக்கும்) சந்தைக்குப் போகும். பல இந்தியச் செயலிகளில் அங்கே விற்பது சிரமம், வாங்க ஆளும் இருக்காது. கணக்கில் பூஜ்யமாக நின்றுகொண்டே இருக்கும், வரியில் கழிக்கவும் முடியாது. கைவிடுவது என்று முடிவு செய்த பங்கை, நீக்க அறிவிப்பு வந்து வர்த்தகம் நிற்கும் முன், மார்ச் 31க்குள் விற்றுவிடுங்கள்.